எழுத்தும் சர்ச்சையும்

எழுதுகின்றவன் எவனும் தன் எழுத்தைப் பிறர் படிக்க வேண்டும் என்றே எழுதுகின்றான். படிப்பார் இல்லாத எழுத்து, உறையை விட்டு எடுக்காத வீணையைப் போன்றது. ஆதலால் வாசகரைத் தேடுவது குற்றமன்று. எப்படித் தேடுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. அவற்றுள் ஒரு வழி மிகவும் குறுக்கு வழி. ஊரார் மதிக்கும் ஒருவரை வைதால் போதும். ஊரார் நம்பும் ஒன்றைப் பழித்தால் போதும். மறுநாளே பத்துப் பேர் கோபித்து எழுதுவார்கள். அந்தப் பத்துப் பேரை மறுத்து இருபது பேர் எழுதுவார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க இருநூறு பேர் கூடிவிடுவார்கள். தெருவில் இருவர் கட்டிப் புரண்டால் கூட்டம் சேர்வதற்குத் தண்டோராப் போட வேண்டியதில்லை அல்லவா? இந்த வழியை எழுத்தாளன் கைக்கொள்ளலாமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

கேட்ட மாத்திரத்தில் "கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. சர்ச்சையே ஆகாது என்று விதித்துவிட்டால், உலகத்து நல்ல நூல்களிற் பாதியை அலமாரியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டி வரும். நம் முன்னோர் வாதத்திற்கு அஞ்சியவர்கள் அல்லர். ஆசிரியன் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்று நன்னூல் எண்ணிச் சொல்கிறது. அவற்றில் பிறர் கருத்துக்கு உடன்படுதலும் உண்டு, மறுத்தலும் உண்டு, பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக் காட்டுதலும் உண்டு. கூட்டம் சேர்ப்பதற்காக மறுத்தல் என்று எட்டாவதாக ஒன்றை அவ்வாசிரியர் சேர்க்கவில்லை. மணிமேகலையில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. புகார் நகரத்தில் இந்திர விழா எடுக்கப்போவதை யானைமீது முரசேற்றி அறிவிக்கின்றார்கள். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம் என்று அவ்வறிவிப்பு அழைக்கிறது. அதே அறிவிப்பு, பகைவரோடு நேர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்கிறது. வாதத்திற்கு மேடை உண்டு, பூசலுக்கு இடமில்லை என்று ஒரே மூச்சில் பறையறைந்த நகரம் அது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் நம் கேள்வி.

பூசல் எப்பொழுது விற்பனைச் சரக்காயிற்று என்பதை முதலில் பார்ப்போம். 1833ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்ற நாளிதழைத் தொடங்கினார். மற்றப் பத்திரிகைகளின் விலை ஆறு சென்டு. இவருடையது ஒரே சென்டு. ஒரு சென்டில் காகிதச் செலவுக்கே கட்டாது. விளம்பரக்காரர் தரும் பணத்தை நம்பித்தான் அதை நடத்தினார். இங்கே ஒரு மாறுதலை நாம் கவனிக்க வேண்டும். அதற்கு முன் பத்திரிகைக்காரர் வாசகருக்குச் செய்தியை விற்றார். இப்பொழுது விளம்பரக்காரருக்கு வாசகரின் தலையை எண்ணி விற்கலானார். தலையெண்ணிக்கையே வருமானம் என்றான பிறகு, அந்தத் தலைகள் மகிழ்ச்சியால் திரும்பினவா, கோபத்தால் திரும்பினவா என்பது கணக்குப் புத்தகத்தில் தெரியாது. இன்று அச்சகம் இல்லாமலே எழுதி வெளியிட முடிகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் அடுத்த நொடியே கண்முன் வந்து நிற்கிறது. கருவி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 1898ஆம் ஆண்டு ஒரு சான்று. அப்பொழுது நியூயார்க்கில் ஹெர்ஸ்ட் என்பவரின் 'ஜர்னல்' பத்திரிகையும் புலிட்சரின் 'வோர்ல்டு' பத்திரிகையும் வாசகருக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. பிப்ரவரி 15ஆம் நாள், கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் 'மெயின்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். எதனால் வெடித்தது என்று விசாரணை தொடங்குமுன்னரே, இது பகைவரின் வேலை என்று ஹெர்ஸ்டின் பத்திரிகை கொட்டை எழுத்தில் தீர்ப்புக் கூறிவிட்டது. குற்றவாளியைக் காட்டுவோருக்கு 50,000 டாலர் பரிசு என்றும் விளம்பரம் செய்தது. தன் விற்பனை பத்து இலட்சத்தைத் தாண்டியது என்று அது பறைசாற்றிக்கொண்டதும் அந்நாட்களில்தான். ஏப்ரலில் ஸ்பெயினோடு போர் மூண்டது. அந்தப் போரைப் பத்திரிகைகளே மூட்டின என்று சிலர் சொல்வதுண்டு, அது மிகைக்கூற்று. போருக்கு வேறு அரசியற் காரணங்கள் பல இருந்தன. ஆனால் 1976இல் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆராய்ச்சி, கப்பலுக்குள்ளேயே நிலக்கரி அறையில் பற்றிய தீ வெடிமருந்தை எட்டியிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. 1898இல் தீர்ப்புச் சொன்னவர்களுக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. விற்பனைக்குச் சான்று எதற்கு?

அதே ஆண்டில், அந்தக் கப்பல் வெடிப்பதற்கு ஒரு மாதத்திற்கு முன், பாரிஸ் நகரிலும் ஒரு பத்திரிகை பரபரப்பாக விற்பனையாயிற்று. அது வேறு வகையான கதை. சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

ஆல்பிரட் டிரைபஸ் என்பவர் பிரெஞ்சு ராணுவத்தில் காப்டன், யூதர். ஜெர்மானியத் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து கிடைத்த ஒரு கிழிந்த கடிதத்தின் கையெழுத்து இவருடையதைப் போல் இருக்கிறது என்று சொல்லி, 1894இல் இவரைச் சிறைபிடித்தார்கள். ராணுவ நீதிமன்றம் இரகசியமாகக் கூடித் துரோகி என்று தீர்த்தது. எதிர்த் தரப்பு வக்கீலுக்குக் காட்டாமலே சில தாள்கள் நீதிபதிகளிடம் கொடுக்கப்பட்டன. அடுத்த ஜனவரியில், படைவீரர் சூழ நிற்க, அவருடைய சட்டையிலிருந்த பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்தார்கள், வாளை முறித்தார்கள். பின்னர்த் தென்னமெரிக்கக் கரையோரத்தில் சாத்தான் தீவு என்ற பெயர் பூண்ட பாறைத்தீவில் தனியே அடைத்தார்கள்.

டிரைபஸின் கைதை முதன்முதல் ஊரறியச் செய்த பத்திரிகை எது தெரியுமா? துருமோன் என்பவர் 1892இல் தொடங்கிய 'லிப்ர் பரோல்'. சுதந்திர வாக்கு என்பது அப்பெயரின் பொருள். யூதர் மேல் வெறுப்பை மூட்டுவதே அதன் தொழில். அந்த வெறுப்பே அதன் மூலதனம். டிரைபஸ் குற்றவாளியா அல்லவா என்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. அவர் யூதர் என்பது ஒன்றே தலைப்புக்குப் போதுமானதாயிருந்தது.

இதற்கு எதிர்ப்புறத்தில் வந்து நின்றவர் எமிலி ஜோலா. நாவலாசிரியராக அவர் அப்பொழுது புகழின் உச்சியில் இருந்தார், செல்வமும் சேர்ந்திருந்தது. வாசகருக்காக அவர் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டிய நிலையில் இல்லை. 1897ஆம் ஆண்டின் கடைசியில், டிரைபஸ் குற்றமற்றவர் என்ற கருத்துப்பட 'பிகாரோ' என்ற பெரிய பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். உடனே அப்பத்திரிகையின் சந்தாதாரர் பலர் சினந்து விலகினர். பத்திரிகை பின்வாங்கியது. ஜோலா பின்வாங்கவில்லை, தம் கருத்துகளைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டு வெளியிட்டார். வாசகரை இழந்தபொழுதும் அவர் இதையே எழுதினார் என்பதை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1898 ஜனவரி 11ஆம் நாள், உண்மையில் அக்கடிதத்தை எழுதிய எஸ்தர்ஹாசி என்ற அதிகாரியை ராணுவ நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இரண்டு நாட்கள் கழித்து, 'லோரோர்' என்ற பத்திரிகையின் முதற் பக்கம் முழுவதும் ஜோலாவின் கடிதம் வெளியாயிற்று. குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் அது. 'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' என்ற தலைப்பை அப்பத்திரிகையில் இருந்த கிளமென்சோ சூட்டினார் என்பர். படைத்தலைவர்களையும் கையெழுத்து நிபுணர்களையும் பெயர் பெயராகச் சுட்டி, இன்னார் இன்ன குற்றம் செய்தார் என்று அடுக்கினார் ஜோலா. அன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. வேண்டுமென்றே சர்ச்சையை வரவழைத்த எழுத்து உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இன்ன சட்டத்தின் இன்ன பிரிவுகளின்படி என்மேல் அவதூறு வழக்குத் தொடரலாம் என்று அக்கடிதத்தின் முடிவில் அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார்!

ஏன் அப்படிச் செய்தார்? ராணுவ நீதிமன்றத்தின் கதவுகள் சாத்தியிருந்தன. தம்மேல் வழக்கு வந்தால் அது பொது நீதிமன்றத்தில் நடக்கும், சாட்சிகளைக் கூப்பிடலாம், மறைத்து வைத்த காகிதங்களைப் பற்றிக் கேட்கலாம். தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அதன் வழியாக உண்மையை மண்டபத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். பிப்ரவரியில் அவருக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். நீதிமன்றத்தின் வெளியே கூட்டம் அவருடைய உயிரைக் கேட்டுக் கூச்சலிட்டது. ஜூலையில் அவர் இங்கிலாந்துக்குத் தப்பியோடி ஏறத்தாழ ஓராண்டு மறைந்து வாழ்ந்தார். டிரைபஸ் முற்றிலும் குற்றமற்றவர் என்று உயர்ந்த நீதிமன்றம் தீர்த்தது 1906இல். அதைப் பார்க்க ஜோலா இல்லை, 1902இலேயே இறந்துபோனார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் கடிதம் வெளிவந்த பின் பிரான்சின் பல ஊர்களிலும் அல்ஜியர்சிலும் கலகக் கூட்டங்கள் யூதருடைய கடைகளைத் தாக்கின. ஜோலா மூட்டிய தீ அன்று அது. துருமோன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். ஆயினும் கடைகளை இழந்தவர்களுக்கு அந்த வேற்றுமை ஆறுதல் அளித்திருக்காது. நேர்மையான சர்ச்சைகூட எழுதியவனோடு நின்றுவிடுவதில்லை என்பதை அறிந்தே எழுத்தாளன் பேனாவை எடுக்க வேண்டும்.

இம்மூன்று பேருடைய எழுத்தும் பரபரப்பை உண்டாக்கியது. மூவருக்கும் வாசகர் திரண்டனர். விற்ற பிரதிகளை எண்ணி இவர்களை வேறுபடுத்த இயலாது. நடையின் காரத்தைக் கொண்டும் இயலாது. ஜோலாவின் நடை காரமானதுதான். என்னைக் கேட்டால், சர்ச்சைக்கான செலவை யார் கொடுத்தார் என்று பார்ப்பேன். ஹெர்ஸ்டும் துருமோனும் வரவைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, செலவைப் பிறர் தலையில் எழுதினார்கள். ஜோலா செலவைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார்.

நம் சென்னைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். திரைப்பட நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்க்கையே அதன் சரக்கு. உண்மையும் வதந்தியும் ஒரே தட்டில் பரிமாறப்பட்டன. பலரும் முகம் சுளித்தார்கள். முகம் சுளித்தவர்களும் வாங்கிப் படித்தார்கள். நடிகர்கள் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டு, அதன் உரிமம் ரத்தாயிற்று. அவரோ 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையைக் கைக்கொண்டு அதே தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைச் சிலர் கத்தியால் குத்தினர். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் துறந்தார்.

அதன் பின் நடந்ததைத் தமிழ்நாட்டில் முதியோர் பலர் கதையாகச் சொல்வர். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்தத் தீபாவளிக்குத்தான் வெளிவந்து, கொட்டகையை நிறைத்து ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயிற்று. மறுபடி விசாரிக்கும்படி உத்தரவாயிற்று. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை அடைந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. கிருஷ்ணன் மீண்டும் திரையில் எழுந்து நின்றார். பாகவதருக்கோ பழைய காலம் திரும்பவே இல்லை. பட அதிபர்கள் கொடுத்திருந்த முன்பணங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு விட்டிருந்தார்கள், பின்னர் எடுத்த படங்கள் தோற்றன, 1959இல் காலமானார்.

கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. எவ்வளவு இழிவாக எழுதியவனுக்கும் தண்டனை நீதிமன்றத்தில்தான். வேப்பேரித் தெருவில் அன்று. ஆனால் அப்பத்திரிகையை யார் வளர்த்தார்கள் என்று நாம் கேட்காமலிருக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொருவரும் அடுத்த வாரத்து இதழுக்கு முன்பணம் கட்டியவர்கள்தாம். சீச்சீ என்று சொல்லிக்கொண்டே புரட்டினாலும் அந்தக் காசு செல்லுபடியாகும்.

இனி, பூசலை வரவழைக்காமல், வந்த பூசலுக்கு விலகாமலும் நின்ற ஒருவரைச் சொல்கிறேன். ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவருடைய நண்பர்களும் 1878இல் 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள். அப்பொழுது அது வாரப் பத்திரிகை. முதல் இதழ் அச்சிட்டது 80 பிரதிகள். 1882இல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையையும் அவர் ஏற்படுத்தினார். இளம் பருவத்திலேயே கணவனை இழந்த பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்பது அவருடைய கொள்கை. அக்காலத்தில் மேடைகளில் இதைப் பேசியவர் வேறு சிலரும் இருந்தனர். 1889 டிசம்பரில், கைம்பெண்ணாயிருந்த தம் மகளுக்கே பம்பாயில் மறுமணம் செய்வித்தார் ஐயர். உறவினர் விலக்கி வைத்தனர். பத்திரிகையை வாங்கிப் படித்த கற்றோரில் பலர் வைதிகர்கள். சர்க்காரை அவர் கண்டித்தபொழுது மகிழ்ந்து தலையசைத்தவர்களுக்கு, தங்கள் வீட்டுத் திண்ணையை அவர் கண்டித்தது பிடிக்கவில்லை. வாசகரைப் பெருக்க வேண்டுமென்று கணக்கிட்டிருந்தால், அவர் எழுதியிருக்கக் கூடாத பொருள் அது ஒன்றுதான்.

1898இல் அவர் 'ஹிந்து'வை விட்டு விலகினார். மீண்டும் அதே ஆண்டு வந்து நிற்பது தற்செயல்தான்; ஆனாலும் எனக்கு அதில் ஒரு சுவை உண்டு. அடுத்த ஆண்டு 'சுதேசமித்திர'னை நாளிதழாக்கினார். 1904இல் அங்கே உதவியாசிரியராக வந்து சேர்ந்தவர் சுப்பிரமணிய பாரதி. 1908இல் இராஜத்துரோக வழக்கில் ஐயரைக் கைது செய்தார்கள். வாழ்நாள் முழுவதும் சர்ச்சைக்கு நடுவிலேயே இருந்தார். ஒரு சர்ச்சையையும் அவர் விலைக்குப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களில் பலர் எழுதும் ஆசை உடையவர்களாயிருப்பீர்கள். கல்லூரி மலருக்கு எழுதுவீர்கள். உங்களுக்குள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவீர்கள். நடிகர் இருவரில் எவர் பெரியவர், கம்பனா இளங்கோவா என்று எழுதினால் மோதல் எளிதில் வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதில் பெரிய தீங்கு இல்லை. பெரிய பயனும் இல்லை. மல்யுத்தத்தைப் போல அது ஒரு விளையாட்டு. ஆனால் ஒருவருடைய பெயரைச் சொல்லி எழுதும்பொழுது விளையாட்டு முடிந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, விடுதிச் சாப்பாடு மோசமாயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமையற்காரர் அரிசியைத் திருடி விற்கிறார் என்று ஒருவன் எழுதினால், அந்த இதழ் அன்று மாலைக்குள் கைக்குக் கை மாறித் தேய்ந்துவிடும். விடுதிக்கு மாதந்தோறும் எவ்வளவு பணம் வருகிறது, எத்தனை மூட்டை வாங்குகிறார்கள், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேட்டறிந்து எழுதினால் பாதிப் பேர்தான் படிப்பார்கள். ஒருவேளை, திருட்டு சமையற்கட்டில் நடக்கவில்லை, அலுவலகத்தில் நடக்கிறது என்று அந்தக் கணக்கிலிருந்து வெளிப்படலாம். அப்பொழுது வரும் சர்ச்சை சமையற்காரரோடு வரும் சர்ச்சையைப் போல் இருக்காது. எழுதியவனுடைய படிப்பையே அது தொடக்கூடும். அப்பொழுதும் எழுதுவதா, கட்டுரையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வதா என்பதை அவனே தீர்மானித்துக்கொள்ளட்டும். அதற்கு முன் அவன் ஒருமுறை சமையற்கட்டுக்குள் போய், மூட்டைகளை எண்ணிப் பார்த்து, அந்தச் சமையற்காரரிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வரட்டும்.